எண்பத்தைந்து வெள்ளி ரீல்

பெட்டியில் 18+1 என்று பெரிதாகப் போட்டிருந்தது. பதினெட்டு பேரிங், கூடவே கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒருவழி பேரிங் ஒன்று. கியர் விகிதம் 7.2:1. டிராக் 8 கிலோ. விலை 85 வெள்ளி, தபால் செலவு இல்லை. அதே வாரம் எனக்கென்று வாங்கிய ரீலில் ஐந்தே பேரிங்தான். விலை 480 வெள்ளி. முதலாவதை மாமாவுக்குக் கொடுத்தேன்.

தூண்டில் போடாதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் பேசாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது.

மாமா பைராம் தோட்டத்தில் பிறந்தவர். நிபோங் திபாலிலிருந்து கடல் பக்கம் போனால் வரும் தோட்டம். பெயர் இங்கிலாந்தின் யார்க்‌ஷையரிலிருந்து வந்தது. முதலாளிகளான ராம்ஸ்டன் குடும்பத்தின் பரம்பரை மாளிகை இருந்த ஊர் அது. பக்கத்துக் கலிடோனியா தோட்டத்தில் இடிந்து கிடக்கும் 99 கதவு மாளிகையும் அவர்களுடையதுதான். முதலில் கரும்பு, பிறகு கித்தா, இப்போது செம்பனை. பயிர் மாறிக்கொண்டே இருந்தாலும் வாய்க்கால்கள் மாறவில்லை. தாழ்ந்த நிலம், தண்ணீரை வடிக்காவிட்டால் எதுவும் நிற்காது. அந்த வாய்க்கால்களில் விரால் உண்டு. மாமா சின்ன வயசில் பால் டின்னில் நூல் சுற்றி, தவளையைக் கோத்துப் போட்டு விரால் பிடித்தவர். முப்பது வருஷம் குலை வெட்டினார். ஒருநாள் விழுந்த குலை இடது மணிக்கட்டில் பட்டு எலும்பு முறிந்தது. கட்டுப்போட்டுச் சேர்ந்தது, ஆனால் பழையபடி ஆகவில்லை.

2022 ஜனவரியில் பூலாவ் பூரோங் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்த பிறகு அந்தப் பக்கத்து வாய்க்காலில் மீன் பிடிப்பதை விட்டுவிட்டார். "அந்தத் தண்ணில பொழைக்கிற மீன நான் எப்படி திங்கிறது?" என்றார். கிரியான் ஆற்றுக்கு மாறினோம். அங்கே விரால் கிடையாது, கொடுவா. மலாய்க்காரர்கள் சியாகாப் என்பது. அதைத் தூண் ஓரத்திலும் பெரம்பாங் மர வேரோரத்திலும் குறிபார்த்துப் போட வேண்டும். அதற்குத்தான் பிசி ரீல்.

சாதாரண ரீலில் நூல் சுருள் நிலையாக இருக்கும், நூல் மட்டும் உருவிக்கொண்டு போகும். பிசி ரீலில் சுருளே சுழல்கிறது. வீசிய அடுத்த கணம் சுருள் உச்ச வேகத்துக்குப் போய்விடும். பொய்மீனோ காற்றில் வேகம் குறைந்துகொண்டே போகும். சுருளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேராது. அது பாட்டுக்கு நூலை விட்டுக்கொண்டே இருக்கும். முடிவில் ரீலுக்குள் ஒரு குருவிக்கூடு. அதைப் பிரித்து எடுக்க அரை மணி நேரமும் நிறைய கெட்ட வார்த்தைகளும் தேவைப்படும். இதைத் தடுக்கக் கட்டைவிரல் இருக்கிறது. விரலுக்குத் துணையாக பிரேக்: காந்த பிரேக், அல்லது சுழற்சி வேகத்தில் வெளியே தள்ளப்பட்டு உரசும் சின்னக் கட்டைகள். காந்தத்தின் பிடி வேகத்துக்கு நேர் விகிதத்தில் கூடும். கட்டைகளின் பிடி வேகத்தின் வர்க்கத்தில் கூடும், அதனால் தொடக்கத்தில் இறுக்கிப் பிடித்துக் கடைசியில் விட்டுவிடும். எது மேல் என்று எங்கள் கூட்டத்தில் விடிய விடியச் சண்டை நடக்கும். எனக்குக் காந்தம்தான். இருட்டில் மூடியைத் திறந்து கட்டைகளை நோண்ட என்னால் ஆகாது.

போன வருஷம் தீபாவளிக்கு அடுத்த வாரம், வற்றம் முடிந்து தண்ணி ஏறும் நேரம். மாமாவின் ரப்பர் இறாலை ஒரு கொடுவா அடித்தது. தண்ணிக்கு மேல் எகிறியதை நானும் பார்த்தேன். நாலு கிலோவுக்குக் குறையாது. மாமா தடியைத் தூக்கினார். 'டடக்' என்று ஒரு சத்தம். கைப்பிடி பின்னோக்கிச் சுற்றி அவர் விரல் முட்டியில் அடித்தது. நூல் தொய்ந்தது. மீன் இன்னொரு தடவை எகிறித் தலையை உதறியது, அவ்வளவுதான்.

முட்டியில் ரத்தம். மாமா அதை வாயில் வைத்துக்கொண்டு, "நல்ல மீனு தம்பி. என் கைதான் சரியில்ல" என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து மேசையில் பழைய பேப்பரை விரித்து ரீலைப் பிரித்தேன். நான் படித்தது டிரான்ஸ்கிரியான் வளாகத்தில், இயந்திரப் பொறியியல். வேலை பத்து காவானில் ஒரு தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாடு. பொருளைப் பிரித்துக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். இங்கே குற்றவாளி ஒருவழி பேரிங். உள்ளே இருக்கும் சிறு உருளைகள் அச்சைக் கவ்விக்கொள்ள வேண்டும். அச்சோ அளவுக்குக் கொஞ்சம் மெலிந்திருந்தது. அதன்மேல் யாரோ கெட்டியான கிரீஸை அள்ளி அப்பியிருந்தார்கள். உருளைகள் வழுக்கியிருக்கின்றன. நல்ல ரீல் சிலவற்றில் இது தவறினாலும் பிடித்துக்கொள்ள ஒரு பல்சக்கரமும் நாக்கும் உண்டு. இதில் அது இல்லை.

பேரிங்குகளை எண்ணினேன். பதினெட்டும் இருந்தன, ஏமாற்றவில்லை. ஆனால் பாதிக்கு மேல் கைப்பிடிக் குமிழிலும், நூலை இடவலமாகப் பரப்பும் திருகிலும், பேரிங் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வித்தியாசம் தெரியாத மூலைகளிலும் இருந்தன. பேரிங் எண்ணிக்கையை ஏற்றுவது மலிவான வேலை. இரண்டு பக்கத் தட்டுகளிலும் ஒரே நேர்கோட்டில் துளை போடுவதற்குத்தான் காசு ஆகும். துளை அரை மயிரிழை விலகினாலும் சுருள் லேசாகக் கோணி நிற்கும். அதைப் பத்து பேரிங் சேர்ந்தும் நிமிர்த்த முடியாது. எந்தப் பெட்டியிலாவது துளையின் நேர்த்தியை எண்ணாகப் போட்டு நான் பார்த்ததில்லை.

இந்த வகை ரீலைச் செய்தவர்களின் பூர்வீகம் கடிகாரம் என்பது எனக்குப் பிடித்த விஷயம். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கென்டக்கியில் கடிகாரம் செய்தவர்கள்தான் பல்சக்கரம் வைத்து இதைச் செய்தார்கள். சுவீடனின் அபு நிறுவனம் 1921இல் தொடங்கியபோது கடிகாரத் தொழிற்சாலை. அதன் பெயரின் பொருளே அதுதான். நம் நாட்டிலும் ஜொகூர் பொந்தியான் பக்கம் சிமானோவின் தொழிற்சாலை இருக்கிறது. என் 480 வெள்ளி ரீலின் அடியில் 'மலேசியாவில் தயாரிக்கப்பட்டது' என்றுதான் பொறித்திருக்கிறது. உள்ளூர்ச் சரக்கு என்று அதை யாரும் மலிவாக நினைப்பதில்லை.

அடுத்து டிராக். மீன் இழுக்கும்போது நூல் அறுந்துபோகாமல், அளவாக வழுக்கிக் கொடுக்க வேண்டிய உறுப்பு இது. பெட்டியில் 8 கிலோ. மீன் நிறுக்கும் தொங்கு தராசை நூல் நுனியில் கட்டி இழுத்தேன். முழுசாக இறுக்கியும் நாலு கிலோவைத் தொடவில்லை. ஆனால் எனக்கு உறுத்தியது அது இல்லை. ஒன்பது கிலோ தாங்கும் நூலில் டிராக்கை இரண்டு, இரண்டரைக்கு மேல் யாரும் வைப்பதில்லை, முடிச்சு தாங்காது. எட்டு கிலோ என்பது சும்மா படம் காட்டும் எண். பார்க்க வேண்டியது முள் எப்படி நகர்கிறது என்பதை. என் ரீலில் முள் இரண்டில் ஏறி அப்படியே நின்றது. மாமாவின் ரீலில் மூன்றுக்குத் தாவி, ஒன்றுக்கு விழுந்து, மறுபடி தாவியது. அந்தத் தாவலில்தான் நூல் அறும், கொக்கி கழலும்.

இத்தோடு நிறுத்தினால் மலிவு ரீல் குப்பை என்று முடிந்துவிடும். அது நியாயமில்லை. என்னோடு வேலை செய்யும் நண்பன் இதே ரீலை, இதே கறுப்பு நிறத்தை, இரண்டு வருஷமாக வைத்திருக்கிறான். மழை, உப்புத்தண்ணி எல்லாம் பார்த்தது. அதையும் வாங்கிப் பிரித்தேன். அச்சு சரியான அளவில் இருந்தது, கிரீஸ் அளவாக இருந்தது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு பிள்ளைகள். எங்கள் தொழிலில் இதைச் சிதறல் என்போம். விலை உயர்ந்த ரீலில் நீங்கள் காசு கொடுப்பதில் ஒரு பங்கு, யாரோ ஒருவர் அளந்து பார்த்துக் கெட்டதைத் தூக்கிப் போட்டதற்கு. மலிவு ரீலில் அந்த வேலையை வாங்குபவர் செய்ய வேண்டும். நான் வாங்கியதும் பிரித்து, கிரீஸைத் துடைத்து, தராசில் ஒரு இழு இழுத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஒரு மணி நேர வேலை. நான் செய்யவில்லை. தொழிற்சாலையில் ஒரு பொருளை இப்படிக் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பியிருந்தால் என் வேலை போயிருக்கும்.

ஏன் செய்யவில்லை என்று யோசித்தபோது, வாங்கிய அன்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது ஞாபகம் வந்தது. 'அவருக்கு இது போதும்.'

இந்த வாக்கியத்தை நான் கேட்டு வளர்ந்திருக்கிறேன். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பள்ளிக்கூடம் போதும், லயத்துக்கு இந்தத் தண்ணிக் குழாய் போதும். சொன்னவர்கள் யாரும் கெட்டவர்களாக எனக்குத் தெரிந்ததில்லை. இப்போது அதே வாக்கியம் என் வாயில். சொல்லப்பட்டதோ என் படிப்புக்குக் கட்டணம் கட்டிய மனிதரைப் பற்றி.

சரியான அளவு ஒருவழி பேரிங் வாங்கிப் போட்டேன். அச்சுக்கும் ஒரு மெல்லிய தகட்டுச் சுற்று. மொத்தம் 18 வெள்ளி. ரீல் இப்போது வேலை செய்கிறது. மறுவாரம் மாமாவிடம் என் 480 வெள்ளி ரீலையே நீட்டி, "இதுல போடுங்க மாமா" என்றேன். போட்டார். வலது கையால் வீசினார், தடியை இடது கைக்கு மாற்றினார், வலது கையால் சுற்றினார். எல்லாரும் செய்வதுதான். ஆனால் ஒரு சின்ன மீன் மாட்டியபோது பார்த்தேன், அந்த இடது மணிக்கட்டு நடுங்கியது. தடியின் அடியை வயிற்றில் முட்டுக்கொடுத்துக்கொண்டார்.

அட, இதுதானா!

சாதாரண ரீலில் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிவிடலாம். பிசி ரீலில் முடியாது. வாங்கும்போதே இடதா வலதா என்று முடிவு செய்ய வேண்டும். மாமாவுக்குத் தேவை இடது பக்கக் கைப்பிடி: வலது கையில் தடி, இடது கையில் சும்மா சுற்றும் வேலை. நான் வாங்கியது வலது, ஏனென்றால் நான் வலது. எந்தக் கை என்று கேட்கவே இல்லை. பதினெட்டு பேரிங்கையும் தராசில் முள் தாவியதையும் கண்டுபிடித்தவனுக்கு, சின்ன வயசிலிருந்து பார்த்த மணிக்கட்டு தெரியவில்லை.

நிபோங் திபாலில் ஒரு சீனர் கடையில் இடது பக்க ரீல் ஒன்று கிடைத்தது. அலுமினிய உடல், ஏழு பேரிங், 230 வெள்ளி. கடையிலேயே தராசில் கட்டி இழுத்தேன். தவுக்கே முறைத்துப் பார்த்தார். முள் தாவவில்லை. வீட்டில் பிரித்து, துடைத்து, எண்ணெய் போட்டு, நூல் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன்.

மாமா சுருளைக் கட்டைவிரலால் தள்ளிவிட்டு அது ஓடி நிற்கும்வரை பார்த்தார். இன்னொரு தடவை தள்ளினார். "எவ்வளவு?" என்றார்.

"அதே எண்பத்தஞ்சுதான் மாமா."

அவர் இடது கையால் கைப்பிடியை நாலு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "அப்ப போன தடவ உன்ன நல்லா ஏமாத்திட்டானுங்கடா" என்றார்.