வெயில் விழாத பத்தடி

கும்பகோணம் பக்கத்தில் ஒரு பழைய வீடு. பக்கத்து வீட்டுக்காரர் மாடி எழுப்பியதும் கிணற்றடிக்குப் பின்னால் நாலடிக்குப் பத்தடி இடத்தில் வெயில் விழுவதே நின்றுவிட்டது. துவைக்கிற தண்ணீரும் அங்கேதான் போகும். மண் காய்ந்தால்தானே? ஐப்பசி மழையில் அந்தப் பாசியில் பாட்டி வழுக்கி விழுந்தார். கையில் ஆறு வாரம் மாவுக்கட்டு.

மகன் சொன்ன தீர்வு, சிமெண்ட்.

"அப்புறம் கெணத்துக்குத் தண்ணி எங்கேருந்துடா ஊறும்?"

நியாயமான கேள்விதான். அடுத்த ஐப்பசி வரை தவணை கிடைத்தது. (கடன்காரன்கூட இவ்வளவு தரமாட்டான்!)

பாட்டி முதலில் வைத்தது அருகம்புல். பிள்ளையாருக்கும் ஆயிற்று என்று நினைத்திருப்பார். அருகு வெயில் கேட்கிற புல். வெளுத்து, நீண்டு, போய்ச் சேர்ந்தது. அடுத்து நர்சரிக்காரர் கொடுத்த வெடிலியா. மஞ்சள் பூ, பார்க்க அழகு. ஆனால் அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த இந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கிறது. கணு மண்ணில் பட்டால் போதும், வேர் விட்டுவிடும். கிணற்றுச் சுவர் வரை ஏறியபிறகுதான் பாட்டிக்கு விஷயம் புரிந்தது. பிடுங்கியதைக் குப்பையில் போட்டால் அங்கேயும் முளைக்கும் என்று மொட்டைமாடியில் சருகாகக் காயவைத்தார்.

ஆடியில் வல்லாரை வந்தது. ஈரமும் அரைநிழலும்தான் அதற்குப் பிடித்தவை. ஜாண் இடைவெளியில் நட்ட தண்டுகள் ஓடி ஓடி மண்ணை மூடின. ஒரே சிக்கல், சோப்புத் தண்ணீர். மண்ணிலுள்ள கன உலோகங்களைக்கூட வல்லாரை உறிஞ்சிக்கொள்ளும். கழிவுநீரில் வளர்ந்ததைத் துவையல் அரைக்கக் கூடாது. குழாய் போட்டுத் துவைக்கிற தண்ணீரை வாழைக்குத் திருப்பினார்கள். அதுவரை பறித்த இலையெல்லாம் எருக்குழிக்குப் போனது. மதிலோரத்து முழு நிழலில் மட்டும் வல்லாரை காம்பு நீண்டு சோம்பிப் படுத்தது. அங்கே திப்பிலிக் கொடி.

ஈர இலையை மிதித்தாலும் வழுக்கும், அது வேறு! அதனால் நடக்கிற வழியில் மூன்று கருங்கல் பலகைகள்.

ஐப்பசி வந்தது. நாலு நாள் அடைமழை. ஐந்தாம் நாள் மகன் குடையோடு கொல்லைக்குப் போனார். கல்மேல் கால் வைத்து வைத்து மதில் வரை நடந்தார், திரும்பினார்.

"நடுவுல இன்னொரு கல்லு போடணும்மா. உனக்கு எட்டாது" என்றார்.