ஒரே விமானம், இரு வேறு உறக்கம்

திருத்தங்கலுக்கு வருவதானால் வைகறையில் வாருங்கள். சுப்ஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலை விட்டு இறங்கும்போதே, பட்டாசு ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகளையும், தூக்குவாளியோடு விரையும் பெண்களையும் காண்பீர்கள். சிவகாசியை ஒட்டிய இவ்வூர், கதிரவனோடு எழும் ஊர்.

இங்கே ஆலையொன்றில் முப்பதாண்டுகளாக ஃபோர்மேனாக இருப்பவர் என் மூத்த அண்ணன். சென்ற குளிர்காலத்தில் லண்டனிலுள்ள மகனைப் பார்த்துவிட்டு இளைய மகளுடன் ஊர் திரும்பினார். ஒரே விமானம், அடுத்தடுத்த இருக்கைகள். மகளோ மூன்றாம் நாளே பழைய நிலைக்கு வந்துவிட்டாள். அண்ணன் ஒரு வாரம் இரவெல்லாம் விழித்திருந்து, விடியலில் கண்ணயர்ந்தார். சுப்ஹு ஜமாஅத் தவறியதில் மனம் கலங்கினார். "வெளிநாட்டுச் சொகுசு" என்று சிலர் கேலியும் பேசினர்.

சொகுசன்று, வாசகர்களே! மூளையின் அடிப்பகுதியில் உறக்கத்தையும் விழிப்பையும் ஆளும் கடிகாரமொன்றை இறைவன் அமைத்திருக்கிறான். உயிரணுக்களுக்குள் அது இயங்கும் விதத்தைக் கண்டறிந்த மூவருக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. குளிர்காலத்தில் லண்டனுக்கும் நமக்கும் 5½ மணி நேர வேறுபாடு. நமது அதிகாலை 5.30 மணி, அண்ணனின் உடலுக்கு நள்ளிரவு 12 மணி!

பெரும்பாலோரின் உட்கடிகாரச் சுற்று 24 மணியைவிடச் சற்று நீளமானது. ஆகவே உறக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது. முன்னதாக வரவழைப்பது கடினம். கிழக்கு நோக்கிய பயணம் அதிகம் வருத்துவது இதனால்தான். மேற்கேயுள்ள மக்காவுக்கு உம்ரா செல்வோர்க்கு வேறுபாடு 2½ மணிதான். அங்கே சுப்ஹுக்குத் தாமாகவே விழிப்பு வந்துவிடும்.

ஆயினும் ஆளுக்கு ஆள் பாதிப்பு மாறுபடும். வயது ஏற ஏற உடல் மெதுவாகவே இணங்கும். பயணத்துக்கு முன்பே உறக்கம் இழந்தவர் கூடுதலாக வாடுவார். அண்ணன் புறப்படும் முந்திய இரவு பெட்டி கட்டுவதிலேயே விழித்திருந்தார்; மகள் நன்றாக உறங்கியிருந்தாள். இரவில் நெடுநேரம் விழித்துப் பழகியவர்க்கும் கிழக்குப் பயணம் கடினமே.

வந்த மறுநாளே அண்ணன் வேலைக்குப் புறப்பட்டார். தடுத்துவிட்டோம். மருந்து கலக்கும் அறையில் ஒரு நொடிக் கண்ணயர்வு எத்தனை உயிர்களை வாங்கும் என்பதை இந்த வட்டாரத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனவே, பயணத்துக்கு முன் நன்றாக உறங்குங்கள். வந்தபின் முற்பகல் வெளிச்சத்தில் நடமாடுங்கள். மாலையில் தேநீரைத் தவிருங்கள். இன்சுலின் போடுவோர் நேரமாற்றத்தைப் பற்றி மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சில நாள் வாகனம் ஓட்டாதீர்கள். உறக்கத்தில் தவறிய தொழுகையை விழித்ததும் நிறைவேற்ற மார்க்கம் வழிகாட்டியிருக்கிறது. பயணம் முடித்து வந்தவரைக் கேலி செய்யாமல், சற்றே உறங்க விடுங்கள்.