காட்டு வண்டியும் காப்பெற் வீதியும்

ஊர்தி வாங்குவோர் இரு வகையினர். தாம் நாள்தோறும் செல்லும் வழியை நோக்கி வாங்குவோர் ஒரு வகையினர். என்றேனும் செல்லக்கூடும் என்று தாம் எண்ணும் வழியை நோக்கி வாங்குவோர் மற்றொரு வகையினர். நான்கு சில்லுகளும் ஒருங்கே இழுக்கும் ஜீப் வண்டியை உடையோருட் பலர் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர் என்பது எனது துணிபு. தமிழாசிரியன் ஒருவன் மோட்டார் வண்டியைப் பற்றி எழுதப் புகுந்தமை கண்டு, பொறியியலாளராய் விளங்கும் எமது பழைய மாணவர் சிலர் முறுவலித்தல் கூடும். வண்டியைச் செய்பவன் அறிவு வேறு. அதற்குப் பணம் கட்டுபவன் அறிவு வேறு. பின்னதைப் பற்றியே ஈண்டுக் கூறப் புகுகின்றேன்.

ஜீப் என்பது போர் பெற்ற பிள்ளை. 1941 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினருக்காக அது பெருந்தொகையாகச் செய்யப்படலாயிற்று. அதனைப் பின்பற்றி ஆங்கிலேயர் 1948 இல் லாண்ட் றோவரை வெளியிட்டனர். வீதி இல்லாத இடத்திற் செல்வதே இவற்றின் பிறவிப் பயன். எமது வீட்டு வண்டியும் அக்குலத்தைச் சேர்ந்ததே. யப்பான் நாட்டில் 1993 இற் செய்யப்பட்ட டீசல் வண்டி. பூநகரிப் பகுதியில் தந்தை வழி வந்த வயல் எமக்குண்டு. 2009 இற் போர் முடிந்து, 2011 இற் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே யாழ்ப்பாணத்திலிருந்து அவ்வயலுக்கு நேர்வழியாகச் செல்லுதல் எளிதாயிற்று. அக்காலத்து வழியோ குன்றும் குழியுமாய்க் கிடந்தது. ஆதலின் இவ்வண்டியை வாங்கினோம். பின்னர்ச் சில ஆண்டுகளில் வீதி காப்பெற் இடப்பட்டுக் கண்ணாடிபோல் ஆயிற்று. வண்டி மாறவில்லை, வழி மாறிற்று.

சென்ற ஆண்டு சீட்டுப் பணம் நான்கு இலட்சம் ரூபா கைக்கு வந்தது. வண்டியைத் திருத்துவதற்கென்றே அதனை ஒதுக்கியிருந்தோம். அப்பொழுது கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த மைத்துனர், செய்யவேண்டியவற்றை நிரல்படக் கூறினார். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தல், சேற்றுநில ரயர் பூட்டல், முன்னே இரும்புக் காப்புச் சட்டமும் இழுவைப் பொறியும் அமைத்தல், கூரைமேற் சுமைத்தட்டும் கண் கூசும் விளக்கும் வைத்தல், மூச்சுக் குழாயைக் கூரைவரை உயர்த்தல் என்பன அவை. “அத்தான், ஜீப் எண்டால் பாக்கேக்கையே ஒரு எடுப்பு இருக்க வேணும்” என்றார். பதினேழு வயதான எனது மகன் அதனை முழுமனத்தோடு வழிமொழிந்தான். எழுபத்தாறு வயதான என் அன்னையார் மட்டும், “தம்பி, இதுக்கு மேலை உயர்த்தினால் என்னை ஏணி வைச்சுத்தான் ஏத்த வேணும்” என்றார்.

ஆசிரிய கலாசாலையிற் பயின்ற காலத்தில் எமக்கு முதலிற் கற்பிக்கப்பட்டது, பாடத்தைத் தொடங்குமுன் மாணாக்கனை அறிக என்பது. அம்முறையை வண்டிக்கும் கொண்டேன். மூன்று மாதம் ஒரு கொப்பியில் ஓட்டக் கணக்கைக் குறித்து வந்தேன். ஓடிய தூரம் 1,240 கிலோமீற்றர். அதில் தார் இல்லாத வழி 86 கிலோமீற்றர், நூற்றுக்கு ஏழு. எஞ்சிய தொண்ணூற்று மூன்றும் பாடசாலை, சந்தை, கோயில், வைத்தியசாலை, பூநகரி நெடுவீதி ஆகியனவே. ஏழுக்காகத் தொண்ணூற்று மூன்றை வருத்துதல் முறையாகுமா?

பின்னர் ஒவ்வொன்றையும் ஆராய்ந்தோம். வண்டியை உயர்த்தினால் அதன் நிறைமையமும் உயரும்; வளைவிற் கவிழும் இயல்பு மிகும். முன்விளக்கின் ஒளியும் மேல்நோக்கி எதிரே வருவோர் கண்ணைக் குருடாக்கும். கூரைமேற் சுமையும் இவ்வாறே. இரும்புச் சட்டம் வண்டியைக் காக்கும். ஆனால் குறுக்கே வரும் பாதசாரியைக் காவாது. உயர்த்திய மூச்சுக் குழாய் ஆழ்நீரைக் கடப்போருக்கு உரியது. எமக்கோ நீரின்மேற் பாலம் உண்டு.

ரயரைப் பற்றிச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். சேற்றுநில ரயரின் கட்டைகளுக்கிடையே இடைவெளி பெரிது. சேறு அதன்வழி வெளியேறும். அஃது அங்கே நன்று. தார் வீதியிலோ அவ்விடைவெளி அளவுக்கு நிலத்தைப் பற்றும் இறப்பர் குறையும். ஈரமான வீதியில் வண்டி நிற்பதற்குக் கூடிய தூரம் வேண்டும். இரைச்சலும் தேய்வும் மிகும். அளவும் நோக்கத்தக்கது. 215/75 R15 என்னும் ரயரின் விட்டம் ஏறத்தாழ 703 மில்லிமீற்றர். 235/75 R15 இன் விட்டம் 733. பெரியதைப் பூட்டினால், வேகமானி 60 காட்டும்பொழுது வண்டி உண்மையில் 62 இற்கு மேல் ஓடும். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களையும் வாசித்தல் நலம்: 2319 என்பது 2019 ஆம் ஆண்டின் இருபத்துமூன்றாம் வாரத்திற் செய்யப்பட்டது என்பதாம். எமது பழைய ரயர்களின் பூ தேயவில்லை. ஆயின் அவற்றின் வயது பன்னிரண்டு!

ஈற்றில் யாம் செய்தவை இவை. பிறேக்கின் தேய்ந்த பாகங்களையும் இறப்பர்க் குழாய்களையும் மாற்றினோம். பிறேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏறிய எண்ணெய் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கொதித்தால் மிதி ஆழ இறங்கும், வண்டி நில்லாது. ஆதலின் அதனை முற்றாக மாற்றினோம். அதிர்வு தாங்கிகள் நான்கையும், பழைய அளவிலேயே வீதி ரயர் நான்கையும் புதியனவாகப் பூட்டினோம். அன்னையாரும் பிள்ளைகளும் இருக்கும் பின்னிருக்கைக்கு வார்ப்பட்டி அமைத்தோம். முன்விளக்கின் கண்ணாடியைத் துலக்கி, ஒளியின் திசையைச் சீர்செய்தோம். எஞ்சிய பணத்தில் ஒரு காற்றுப் பம்பி, காற்றளவு பார்க்கும் மானி, வலிய இழுவைப் பட்டி, அன்னையார் ஏறுவதற்கு ஒரு பக்கப்படி ஆகியன வாங்கினோம். மணலில் இறங்குமுன் ரயரின் காற்றைச் சிறிது குறைத்தால் அது அகன்று மணலைப் பற்றும். தார் வீதிக்கு ஏறுமுன் மீளவும் நிரப்பிவிடல் வேண்டும். நாற்சில்லு இயக்கத்தையும் காய்ந்த தார் வீதியில் இடுதல் கூடாது. எம்முடையதுபோன்ற பழைய வண்டிகளில், வளைவிலே முன்சில்லும் பின்சில்லும் ஓடும் தூர வேறுபாட்டைத் தீர்த்துக்கொள்ளும் அமைப்பு இடையில் இல்லை. பொறி முறுகிக் கெடும்.

மைத்துனருக்கு இவை உவப்பாயில்லை. “இவ்வளவு காசு போட்டும் ஒண்டும் தெரியேல்லையே, அத்தான்” என்றார். அவர் கூறியது மெய்யே. வெளியே தெரிந்தது பக்கப்படி ஒன்றுதான்.

அவ்வாண்டு கார்த்திகை மாரியில் இரண்டு சோதனைகள் நேர்ந்தன. வயலுக்குச் செல்லும் மண்பாதையில் வண்டி அச்சுவரை புதைந்தது. சேற்றுநில ரயர் இருந்திருந்தால் ஒருவேளை ஏறியிருக்கும், அதனை மறுக்கேன். அயல் வயற்காரர் ஒருவர் தமது உழவு இயந்திரத்தில் எமது பட்டியைக் கொழுவி இழுத்துவிட்டார். இழப்பு அரைமணி நேரமும், என் வேட்டியின் வெண்மையுமே. அன்று மாலை திரும்புங்கால், மழையிருளில் நெடுவீதியின் நடுவே மாட்டு மந்தையொன்று படுத்திருந்தது. மகன் அருகிலும், அன்னையாரும் மகளும் பின்னாலும் இருந்தனர். மிதியை அழுத்தினேன். வண்டி கோணாது நேரே சென்று, முன்நின்ற பசுவுக்கு ஒரு பாகத் தூரத்தில் நின்றது. சிறிதுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்பு மகன், “அப்பா, அந்த நாலு இலட்சமும் இப்பதான் தெரியுது” என்றான்.

வெளியே தெரியும் அணி இழிவானது என்று கூறேன். அணி கற்பிக்கும் நானே அவ்வாறு கூறல் தகாது. ஆயினும் சொல்லும் பொருளும் செம்மையுற்ற பின்னரே செய்யுளுக்கு அணி அழகு தரும் என்று வகுப்பிற் கூறுவதுண்டு. எமது மாணாக்கருட் பலர் நாளை வண்டி வாங்குவர், வீடு கட்டுவர், பெரிய பணிகளையும் ஏற்பர். வேண்டுவன எவை என்று துணியுமுன் மூன்று மாதக் கணக்கைக் கொப்பியில் எழுதிப் பார்ப்பாராக. மைத்துனர் கேட்ட சுமைத்தட்டைப் பற்றி, அடுத்த சீட்டு விழும்பொழுது மீளவும் ஆராய உடன்பட்டிருக்கின்றேன்.