மரத்தடி வெளிச்சம்

கிட்டப்பார்வையில் பெரும்பாலும் விழிக்கோளம் நீண்டுவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நீண்டால் ஏறக்குறைய இரண்டரை பவர். கண்ணாடி எழுத்தைத் தெளிவாக்கும், நீளத்தைக் குறைக்காது. எனக்கு மைனஸ் ஏழு. விழித்திரை கிழிந்திருக்கிறதா என்று வருஷாவருஷம் பார்க்கிறார்கள். அதனால்தான் இந்த விஷயத்தில் கொஞ்சம் கறாராகிவிடுகிறேன்.

ஆலங்குடியில் இருக்கும் அக்கா மகளுக்குப் பத்து வயது. ஒரே வருஷத்தில் மைனஸ் ஒன்று இரண்டாகிவிட்டது. வேகத்தைக் குறைக்க டாக்டர் அட்ரோபின் எழுதிக் கொடுத்திருக்கிறார், மிகக் குறைந்த அளவில், ராத்திரி ஒரு சொட்டு. அக்கா மறப்பதே இல்லை. என் கவலை இன்னும் கண்ணாடி போடாத சின்னவன்.

சீனாவின் குவாங்சோவில் சில பள்ளிகளில் ஆறு வயதுப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டார்கள். மூன்று வருஷத்தில் அங்கே சுமார் 30 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. மற்ற பள்ளிகளில் 40. நம் ஊரில் பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தர மாட்டார்.

"இவனையாவது வெளிய விடுக்கா."

"சாயங்காலம் அபாகஸ் இருக்குடா. வெயில்ல கறுத்துப் போவான்."

உச்சி வெயில் வேண்டாம், வேப்பமர நிழலே வகுப்பறையைவிடப் பல மடங்கு வெளிச்சம் என்றேன்.

"அப்ப அபாகஸை மரத்தடியில வச்சுக்கச் சொல்லவா?"

கேலியாகத்தான் கேட்டாள். எனக்கென்னவோ நல்ல யோசனையாகத்தான் பட்டது.