எழுபது வளைவும் ஒரு மஞ்சள் விளக்கும்

கொல்லிமலைக்குப் போயிருக்கிறீர்களா? போகாவிட்டால் ஒரு தடவை அவசியம் போய் வாருங்கள். ஆனால் மோட்டார் சைக்கிளில் போவதாக உத்தேசம் இருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் புறப்படுங்கள்.

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது இந்த மலை. அடிவாரத்தில் காரவள்ளி என்ற கிராமம். அங்கிருந்து மேலே ஏறும் பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. இது எத்தனையாவது வளைவு என்று எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். தைரியம் கொடுப்பதற்கா, பயமுறுத்துவதற்கா என்பது அவரவர் மனசைப் பொறுத்தது.

சேலத்தில் என் மாமனார் வீடு. விடுமுறைக்குப் போயிருந்த நாங்கள் ஒருநாள் விடியற்காலையில் ராசிபுரம் வழியாகப் புறப்பட்டோம். பின்னால் என் மனைவி. அவள் தோள்பையில் எலுமிச்சம்பழ சாதம். என் மனசில் ஒரு சிறு கவலை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். இரண்டு வாரத்துக்கு முன்பு, வண்டியின் முகப்பில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. பட்டணத்தில் ஓர் ஒர்க்ஷாப்பில் காட்டினேன். ஏதோ கருவியை மாட்டிப் பார்த்தார்கள். "ஆக்ஸிலேட்டர் கோளாறு. கைப்பிடி, த்ராட்டில் பாடி இரண்டையும் மாற்ற வேண்டும்" என்றார்கள். சொன்ன தொகை என் அரை மாதச் சம்பளம்! யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு வந்தேன். இரண்டு நாளில் விளக்கு தானாக அணைந்துவிட்டது. அணைந்த விளக்கைப் பற்றி வீட்டில் பேசுவானேன் என்று நானும் இருந்துவிட்டேன்.

இருபது வளைவு வரை சொர்க்கம்தான். கீழே வயல்கள் பாய் விரித்தாற்போல் தெரிந்தன. காற்றில் குளிர்ச்சி ஏறிக்கொண்டே வந்தது. அப்புறம் ஓர் இடது வளைவு. பாதி திரும்பியிருப்பேன், வண்டிக்கு மூச்சு நின்றுபோயிற்று. கைப்பிடியை எவ்வளவு முறுக்கினாலும் இன்ஜின் முனகியதே தவிர ஏறவில்லை. மஞ்சள் விளக்கு பளிச்சென்று எரிந்தது. பின்னால் பஸ்ஸின் ஹாரன்! பிரேக்கை இறுக்கி, காலை ஊன்றி, எப்படியோ ஓரமாக ஒதுங்கினோம். பஸ் உரசாத குறையாகப் போயிற்று. என் தோளைப் பிடித்திருந்த அவள் கை நடுங்கியது.

இந்த இடத்தில் நீங்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். பழைய வண்டிகளில் கைப்பிடியிலிருந்து இன்ஜின் வரை ஒரு கம்பிக் கேபிள் போகும். முறுக்கினால் அது இழுக்கும். காற்றுக் கதவு திறக்கும். புதிய வண்டிகள் சிலவற்றில் கேபிளே கிடையாது. கைப்பிடிக்குள் இருக்கும் இரண்டு சென்ஸார்கள், எவ்வளவு முறுக்கினோம் என்பதை மின்சாரச் சேதியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும்; கம்ப்யூட்டரின் கட்டளைப்படி ஒரு சிறு மோட்டார் கதவைத் திறக்கும். ஒரே சேதிக்கு எதற்கு இரண்டு சென்ஸார்? கோர்ட்டில் இரண்டு சாட்சி வைப்பது போலத்தான். இரண்டு பேச்சும் ஒத்துப்போகாவிட்டால் கம்ப்யூட்டர் யாரையும் நம்பாது. வண்டி தானாகப் பாய்ந்துவிடப் போகிறதே என்று பயந்து, இன்ஜினை அடக்கிவிட்டு, மஞ்சள் விளக்கை ஏற்றிவிடும்.

சாவியை அணைத்துச் சிறிது பொறுத்துப் போட்டேன். வண்டி சமர்த்தாகக் கிளம்பிற்று. நாலு வளைவு தாண்டியதும் மறுபடி அதே கதை. மூன்றாம் தடவை நின்றபோது அவள் இறங்கிவிட்டாள்.

"இந்த விளக்கு முன்னாலேயே எரிந்ததா?"

பொய் சொல்ல அது இடமில்லை. ஒப்புக்கொண்டேன். அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒன்று கவனித்தீர்களா? மூன்று தடவையும் இடது பக்கம் திரும்பும்போதுதான் நின்றது. வலது வளைவில் ஒன்றும் ஆகவில்லை" என்றாள்.

அதன் பிறகு இடது வளைவு வரும்போதெல்லாம் அவள் இறங்கி முன்னால் நடந்தாள். எதிரே வண்டி வரவில்லை என்று கையைக் காட்டினாள். நான் ஊர்ந்து ஏறினேன். இருபது தடவையாவது இறங்கி ஏறியிருப்பாள், பாவம்.

செம்மேட்டில் ஒரு மெக்கானிக் இளைஞர் அவள் சொன்னதைக் கேட்டார். சாவியை மட்டும் போட்டு, இன்ஜினைக் கிளப்பாமல், ஹாண்டில்பாரைக் கடைசிவரை இடது பக்கம் திருப்பினார். விளக்கு எரிந்தது!

"ஏனுங்க சார், புதுசா ஏதாச்சும் மாட்டுனீங்களா?"

"செல்போன் ஸ்டாண்டு மாட்டினேன். ஒயர்கள் தொங்கக் கூடாதென்று பிளாஸ்டிக் பட்டையால் கட்டினேன்."

"அதானுங்க. அக்கா சொன்னது சரிதானுங்க."

என் அழகுணர்ச்சிதான் வினையாகியிருந்தது. பட்டை இறுக்கிப் பிடித்ததால், இடது பக்கம் திருப்பும்போதெல்லாம் கைப்பிடியின் ஒயர் விறைத்து இழுபட்டிருக்கிறது. மேலுறை உரிந்து, உள்ளே சில இழைகள் அறுந்திருந்தன. நாம் சாலையில் இடது ஓரமாகப் போகிறவர்கள் அல்லவா? இடது வளைவுதான் நமக்குக் குறுகல். அங்கேதான் ஹாண்டிலை அதிகம் திருப்ப வேண்டும். அவர் பட்டையை வெட்டி, ஒயரைப் பற்றவைத்து, உறை போர்த்தினார். கூலி இருநூறு ரூபாய். ஊருக்குப் போனதும் முழு ஒயரையும் ஒரு தடவை சோதித்துவிடச் சொன்னார்.

கருவி காட்டும் எண், எந்தப் பாதையில் கோளாறு என்றுதான் சொல்லும்; எந்தப் பாகத்தை மாற்றுவது என்று சொல்லாது. ஆகவே பாகம் வாங்குமுன் பாட்டரி முனைகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ஒயர் இணைப்புகளில் தண்ணீரோ பச்சைக் களிம்போ உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள். எப்போது எரிந்தது, திரும்பும்போதா, மழையிலா, குண்டு குழியிலா என்று குறித்து வையுங்கள். சாவி போட்டதும் விளக்குகள் எரிவது வெறும் பரீட்சை, ஏ.பி.எஸ். விளக்கு மட்டும் வண்டி சிறிது ஓடிய பிறகே அணையும். சிவப்பு விளக்கு என்றால் உடனே நிறுத்துங்கள். மஞ்சள் என்றால் மெதுவாகப் போய்க் காட்டலாம். ஆனால் இன்ஜின் இளைத்துவிட்டால் மஞ்சளும் சிவப்புதான்.

அப்புறம் அறப்பளீஸ்வரரைத் தரிசித்தோம். ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாய கங்கை அருவியின் சாரலில் நனைந்தோம். செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையையும் பார்த்தோம். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று புறநானூறு சொல்கிறது. என் மனைவியும் அன்று ஒரே கேள்வியில் என் பொய், ஒர்க்ஷாப்பின் கணக்கு, வண்டியின் கோளாறு மூன்றையும் வீழ்த்தினாள்.

இறங்கும்போது 70 வளைவிலும் விளக்கு எரியவில்லை. இப்போதெல்லாம் வண்டியில் எந்த விளக்கு எரிந்தாலும் முதலில் வீட்டில் சொல்லிவிடுகிறேன்.