புல்தரையும் ஈர நேரமும்

அக்டோபர் 22

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டதும் சென்னை வீடுகளின் புல்தரையில் வட்டவட்டமாகப் பழுப்புத் திட்டுகள் வருவதுண்டு. உடனே கடைக்குப் போய்ப் பூஞ்சாணக்கொல்லி வாங்குவார்கள். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்வது அது. இந்தத் திட்டை உண்டாக்கும் ரைசோக்டோனியா சொலானிதான் நெல்லில் இலையுறை கருகலையும் கொண்டுவருகிறது. நெருக்கி நட்டு, யூரியாவை அள்ளிப் போட்ட வயலில் அந்நோய் முற்றும் என்பது விவசாயிகள் அறிந்ததே. புல்தரைக்கும் அதே கணக்குதான். பூஞ்சாணம் மண்ணிலும் காய்ந்த புல்லடியிலும் முடிச்சுகளாகக் கிடக்கிறது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குமேல் இருந்து, இலையும் தொடர்ந்து 10 மணி நேரத்துக்குமேல் காயாமல் இருந்தால் அது கிளம்புகிறது. வெப்பத்தை நம்மால் மாற்ற முடியாது. ஈரத்தைக் கொஞ்சம் மாற்றலாம். மாலையில் விட்ட தண்ணீர் பனியோடு சேர்ந்து மறுநாள் வெயில் ஏறும்வரை நிற்கும். விடியலில் விட்டாலோ, பனியில் நனைந்த இலைதான் மறுபடி நனைகிறது. ஈர நேரம் கூடுவதில்லை.

அக்டோபர் 29

மழையே கொட்டும்போது குழாயைத் திறக்கும் நேரத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயந்தான். ஆனால் மழை விட்ட பிறகு தரை எவ்வளவு சீக்கிரம் காய்கிறது என்பது நம் பொறுப்பு: தண்ணீர் தேங்காத சரிவு, காற்றை மறைக்கும் கிளைகளைக் கழிப்பது, மழைமாதத்தில் யூரியாவை நிறுத்துவது. காலையில் இலைநுனியில் நிற்கும் துளி எல்லாமே பனியல்ல. புல் தானே கசியவிட்ட நீரும் உண்டு. அதிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் பூஞ்சாணத்துக்கு நல்ல இரை. புல்மேல் ஒரு கயிற்றை இழுத்துத் துளிகளை உதிர்ப்பது கோல்ஃப் மைதானப் பராமரிப்பில் பழைய வழக்கம். காசு செலவில்லாததால்தானோ என்னவோ, இதை யாரும் விளம்பரம் செய்வதில்லை.

உரத்தை நிறுத்துவது எல்லா நோய்க்கும் பொருந்தாது என்ற மறுப்பையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நாணய அளவில் வெளிறிய புள்ளிகள் விழும் டாலர் ஸ்பாட் நோய் தழைச்சத்துக் குறைந்த புல்லில்தான் அதிகம். ஆகவே இலையைப் பறித்துப் பார்க்காமல் மருத்துவம் இல்லை. இலையில் கரும்பழுப்பு ஓரமிட்ட வெளிர் தழும்பு இருந்தால் பூஞ்சாணம் என்று சந்தேகிக்கலாம். தழும்பே இல்லாமல் திட்டு மட்டும் காய்ந்து, சுற்றிலும் புல் கரும்பச்சையாகச் செழித்திருந்தால் நாயின் சிறுநீராக இருக்கலாம்.

நவம்பர் 4

மருந்தே வேண்டாம் என்பதல்ல வாதம். நோய் வேகமாகப் பரவும்போது அசாக்ஸிஸ்ட்ரோபின் என்ற பூஞ்சாணக்கொல்லி நல்ல இலைகளைக் காக்கும், பழுத்ததைப் பச்சையாக்காது. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் அதைத் தாங்கும் பூஞ்சாணமே மிஞ்சும். பணத்தை எடுக்குமுன் திட்டுக்குள் நாலு செடியைப் பிடுங்கி அடித்தண்டைப் பார்க்கலாம். அது வெண்மையாக, உறுதியாக இருந்தால் ஈரம் குறைந்ததும் புல் தானே துளிர்த்துவிடும்.