காலி இடத்தின் பெருமை



ரயில் ஓடாத ஊரில் ரயில்வே குமாஸ்தாவாகப் பணிபுரிபவன் நான். போர்ட் பிளேர் என்று நாம் நெடுங்காலம் அழைத்துவந்ததும், 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்றதுமாகிய நம் நகரில் தண்டவாளம் இல்லை. ஆயினும் ரயில் முன்பதிவு உண்டு. மூன்று நாள் கப்பலில் கிடந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் நம்மவர், அங்கிருந்து மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ வண்டியேற வேண்டுமன்றோ? அவர்களுக்குப் படுக்கை எண் தேடித் தருவதே என் தொழில். மெட்ரிக் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்ட எனக்கு அறிவியல் பற்றி எழுத என்ன தகுதி என்று சிலர் வினவலாம். தகுதி ஒன்றே ஒன்றுதான். இப்பொருளைக் கண்டு அஞ்சி ஓடியவன் நான். இருபது ஆண்டுகளுக்குப் பின் என் மகளின் பொருட்டு அதனிடமே திரும்பி வந்தவன்.

நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது, தனிமங்களின் ஆவர்த்தன அட்டவணையில் முதல் இருபது பெயர்களை ஒப்பிக்க வேண்டும் என்றார் ஆசிரியர். அவர் பெயரும் பள்ளியின் பெயரும் இங்கு வேண்டா. ஹைட்ரஜன், ஹீலியம், லித்தியம் என்று தொடங்கினேன். பன்னிரண்டாவதாகிய மக்னீசியத்தில் நா ஒட்டிக்கொண்டது. அன்று முழுவதும் பெஞ்சின்மேல் நின்றேன். கால் வலி மறுநாளே தீர்ந்தது; ‘இது நமக்கு வராது’ என்ற எண்ணம் மட்டும் தீரவில்லை. துறைமுகத்தில் மூட்டை சுமந்த என் தந்தையார், என்னை மேலே படிக்க வைக்க ஆசைப்பட்டார். முதலில் அறிவியல் வேண்டா என்றேன். பிறகு படிப்பே வேண்டா என்று ஆயிற்று.

சென்ற ஆண்டு என் மகள் பத்தாம் வகுப்பை முடித்தாள். மத்தியப் பாடத்திட்டத்தில் 2023-ஆம் ஆண்டு வெளிவந்த பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இந்த அட்டவணையைப் பற்றிய அத்தியாயம் இல்லை. மாணவர் சுமையைக் குறைக்கும் பொருட்டு நீக்கப்பட்டது என்றும், பதினொன்றாம் வகுப்பில் அப்பாடம் இருக்கிறது என்றும் அப்பொழுது கூறப்பட்டது. அவள் படித்ததும் அந்நூலே. ஒருநாள் தன் மாமன் மகனுடைய பதினொன்றாம் வகுப்பு நூலைப் புரட்டியவள், பக்கம் முழுவதும் நிறைந்திருந்த 118 கட்டங்களைக் கண்டு நூலை மூடிவிட்டாள்.

“அப்பா, இத்தனையும் மனப்பாடம் செய்ய என்னால் ஆகாது. எனக்கு வணிகவியலே போதும்” என்றாள்.

வணிகவியலில் எனக்கு மனக்குறை ஒன்றும் இல்லை. ஆனால் அவள் குரலில் இருந்தது என்னுடைய பழைய அச்சம். சொத்து எதுவும் சேர்க்காத நான், இதை மட்டும் மகளுக்கு விட்டுச் செல்வதா என்று மனம் பதைத்தது. அன்றிரவு அந்த நூலை நானே எடுத்துக்கொண்டு விளக்கடியில் அமர்ந்தேன்.

படுக்கை வசதியுள்ள ரயில் பெட்டியைப் பலரும் கண்டிருப்பீர்கள். 1 கீழ்ப் படுக்கை, 2 நடு, 3 மேல். எதிரே 4 கீழ், 5 நடு, 6 மேல். நடைவழிக்கு அப்பால் 7 பக்கக் கீழ், 8 பக்க மேல். ஒன்பதில் மீண்டும் கீழ்ப் படுக்கை. பழைய வகைப் பெட்டியில் 72 படுக்கைகள், புதிய வகையில் 80. இரண்டிலும் எட்டுக்கு ஒருமுறை அதே இடம் திரும்புகிறது. ஆகவே முன்பதிவுக் குமாஸ்தா எவரும் 72 எண்களை மனப்பாடம் செய்வதில்லை. ‘35 எந்தப் படுக்கை?’ என்று முதியவர் ஒருவர் கேட்டால், எட்டால் வகுத்து மீதி மூன்று என்று கண்டு, ‘மேல் படுக்கை ஐயா, உங்களுக்கு ஏறச் சிரமம்’ என்று சொல்லிவிடுவோம்.

இந்தக் கண்ணோடு அட்டவணையைப் பார்த்தபோது நான் திகைத்துப் போனேன். லித்தியம் 3, சோடியம் 11, பொட்டாசியம் 19: எட்டு எட்டாக ஏறும் எண்கள், மூன்றும் மென்மையான உலோகங்கள், மூன்றும் நீர் பட்டால் பொங்கிச் சீறுபவை. ஃபுளூரின் 9, குளோரின் 17: இரண்டும் எதனோடும் ஒட்டிக்கொள்ளத் துடிப்பவை. ஹீலியம் 2, நியான் 10, ஆர்கான் 18: மூன்றும் எவரோடும் எளிதில் சேராத வாயுக்கள். மகளை எழுப்பி, ஒரு தாளில் பெட்டியின் படத்தை வரைந்து, எண்களின் அருகே பெயர்களை எழுதிக் காட்டினேன். தூக்கக் கலக்கத்தோடு பார்த்தவள், “அப்படியானால் இது பெயர்ப் பட்டியல் இல்லையா? உறவு முறையா?” என்றாள். இருபது ஆண்டுக்கு முன் எனக்கு எவரும் சொல்லாத வாசகம் அது.

அந்த உறவு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சோடியம் நம்மைச் சூழ்ந்த கடலின் உப்பில் உள்ளது. பொட்டாசியம் நாம் பருகும் இளநீரில் மிகுதியாக உள்ளது. இவ்விரண்டையும் 1807-ஆம் ஆண்டில், சில நாட்கள் இடைவெளியில், மின்சாரத்தின் துணைகொண்டு முதன்முதலில் பிரித்தெடுத்தவர் ஹம்ஃப்ரி டேவி. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் சுனாமிக்குப் பின் நம் கிணறுகளில் தூவிய பிளீச்சிங் பவுடரில் இருந்தது குளோரின். கழுத்துக் கழலை வராமல் காக்க இன்று சமையல் உப்பில் சேர்க்கப்படும் அயோடின், அதே குளோரினின் நிரலில் நிற்பது.

இதன் காரணம் அணுவின் உள்ளே இருக்கிறது. ஒரு தனிமத்தின் குணம் பெரும்பாலும் அதன் வெளிச்சுற்றில் உள்ள எலெக்ட்ரான்களைப் பொறுத்தது. சோடியத்தின் வெளிச்சுற்றில் ஒன்றே உள்ளது. அதைக் கொடுத்துவிட விழைகிறது. குளோரினுக்கு ஏழு உண்டு. எட்டுக்கு ஒன்று குறைவு. கொடுப்பவனும் கொள்பவனும் கூடிப் பிறப்பதே நம் உப்பு.

எட்டின் கணக்கை முதலில் மோப்பம் பிடித்தவர்களுள் ஒருவர் நியூலண்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர். ஆர்கான் போன்ற வாயுக்கள் அறியப்படாத காலம் அது. ஆகையால் அவர் வரிசையில், ச ரி க ம ப த நி என்னும் ஏழு சுரத்துக்குப் பின் மீண்டும் ச ஒலிப்பது போல, எட்டாவது தனிமம் முதலாவதை ஒத்திருந்தது. 1866-இல் லண்டன் வேதியியல் கழகத்தில் அவர் இதைக் கூறியபோது, ‘அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தீரா?’ என்று ஒருவர் ஏளனம் செய்தார். ஏளனத்துக்கு ஒரு சிறு காரணமும் இருந்தது. கால்சியத்துக்குப் பின் எட்டின் கணக்கு தவறிவிடுகிறது. 21 முதல் 30 வரை, இரும்பும் செம்பும் உள்ளிட்ட பத்து உலோகங்கள் நடுவே புகுகின்றன. ஆகவே அட்டவணையின் வரிசைகள் 2, 8, 8, 18, 18, 32, 32 என்று நீள்கின்றன. என் ரயில் பெட்டி உவமையும் இருபதோடு நின்றுவிடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முழு ஒழுங்கையும் வகுத்த பெருமை ரஷ்ய நாட்டு மெண்டலீயெவைச் சார்ந்தது. 1869-ஆம் ஆண்டில் அவர் தம் மாணவர்களுக்காக ஒரு வேதியியல் பாடநூல் எழுதிக்கொண்டிருந்தார். அப்பொழுது அறியப்பட்டிருந்த அறுபத்துச் சொச்சம் தனிமங்களை மாணவர் மனத்தில் பதியும்படி எவ்வாறு அடுக்குவது என்ற கவலையில் பிறந்ததே இந்த அட்டவணை. மனப்பாடச் சுமையைக் குறைக்கப் பிறந்ததே சுமை என்று பெயர் பெற்ற விந்தையை எண்ணிப் பாருங்கள்.

அவருடைய துணிவு காலி இடங்களில் விளங்கிற்று. ஓரிடத்தில் பொருந்தாத தனிமத்தை அங்கே திணிக்காமல், ‘இவ்விடத்துக்கு உரியவர் இன்னும் வரவில்லை’ என்று கட்டத்தை வெறுமையாக விட்டார். வராதவர்களுக்குச் சமஸ்கிருத எண்ணால் பெயரும் சூட்டினார். அலுமினியத்துக்கு ஓரிடம் கீழே இருக்க வேண்டியது ‘ஏக அலுமினியம்’; சிலிக்கனுக்குக் கீழே ‘ஏக சிலிக்கன்’. 1875-இல் பிரெஞ்சு அறிஞர் ஒருவர் காலியம் என்னும் உலோகத்தைக் கண்டு, அதன் அடர்த்தி 4.7 என்றார். அதைக் கண்ணால் காணாத மெண்டலீயெவ், ‘5.9 இருக்க வேண்டும். தூய்மைப்படுத்தி மறுபடியும் அளந்து பாரும்’ என்று தெரிவித்தார். அளந்தபோது 5.9 இருந்தது! ஏக சிலிக்கனின் அணு எடை 72, அடர்த்தி 5.5 என்று அவர் கணித்திருந்தார். 1886-இல் கிடைத்த ஜெர்மானியத்தின் அளவுகள் இன்றைய கணக்கில் 72.6, 5.3.

மற்றொரு துணிவும் உண்டு. எடைப்படி பார்த்தால் அயோடின் முன்னும் டெல்லூரியம் பின்னும் வர வேண்டும். குணத்தை நோக்கி அவர் இடம் மாற்றி அமர்த்தினார். அது சரியே என்பதை 1913-இல் எக்ஸ் கதிர்களின் வாயிலாக மோஸ்லி என்னும் இளைஞர் காட்டினார். வரிசைக்கு ஆதாரம் எடையன்று, அணு எண்ணே. பயணி பருத்தவரா மெலிந்தவரா என்று பார்த்தா நாங்கள் படுக்கை தருகிறோம்? அந்த மோஸ்லி 1915-இல், தம் 27-ஆம் வயதில், கல்லிப்போலிப் போரில் மாண்டார்.

மெண்டலீயெவும் எதிர்பாராத ஒன்று நம் நாட்டோடு தொடர்புடையது. 1868 ஆகஸ்டு 18-இல் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண அறிஞர்கள் குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும் கூடினர். சென்னை வானாய்வுக்கூடத்தின் போக்சன் அவர்களுள் ஒருவர். சூரிய விளிம்பின் ஒளியில் அன்று தென்பட்ட மஞ்சள் கோடு, புதிய தனிமம் ஒன்றின் அடையாளம் என்று பின்னர் உணரப்பட்டது, அதுவே ஹீலியம். 1895-இல் அதைப் பூமியிலேயே கண்டறிந்த வில்லியம் ராம்சே, அதன் உறவினரான வாயுக்களையும் அடுத்தடுத்துக் கண்டார். அவற்றுக்கு அட்டவணையில் காலி இடம் ஒன்றும் இருக்கவில்லை. கூட்டம் மிகுந்தால் கூடுதல் பெட்டி இணைப்போம் அல்லவா? அதுபோலப் புதிய நிரல் ஒன்று இணைக்கப்பட்டது. முதலில் ஐயுற்ற மெண்டலீயெவும் பின்னர் ஏற்றுக்கொண்டார். இதே ராம்சே 1900-இல் இந்தியாவுக்கு வந்து, டாட்டா நிறுவ விரும்பிய அறிவியல் கழகத்துக்குப் பெங்களூரே தகுந்த இடம் என்று பரிந்துரைத்தார்.

நாங்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தாயார், “எனக்குத் தெரிந்தது ஏதும் அதில் இருக்கிறதா?” என்று கேட்டார். இராமநாதபுரச் சீமையில் அவருடைய திருமணம் பெட்ரோமாக்ஸ் விளக்கொளியில் நடந்தது. அவ்விளக்கின் மேண்டிலை வெண்மையாக ஒளிரச் செய்தவை தோரியமும் சிறிதளவு சீரியமும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் உள்ள மோனசைட் என்னும் கனிமத்தில் இவ்விரண்டும் சேர்ந்தே உள்ளன. சீரியம் 58, தோரியம் 90; வேறுபாடு 32; அட்டவணையின் அடியில் உள்ள இரு வரிசைகளில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்பவை. மகள் விரல் வைத்துக் காட்ட, “அப்பத்தா, உங்கள் கல்யாண விளக்கு இதோ இருக்கிறது” என்றாள். எழுத்தறியாத என் தாயார் அவ்விரு கட்டங்களையும் தடவிப் பார்த்தார்.

என் மகள் முடிவில் வணிகவியலே எடுத்தாள். கணக்குப் பதிவு அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அச்சத்தினால் ஓடவில்லை; விரும்பி நடந்து சென்றாள். இவ்வேற்றுமையின் அருமை, ஓடியவனாகிய எனக்குத்தான் தெரியும். அட்டவணை எங்கள் வீட்டுச் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

பதினொன்றாம் வகுப்பில் இப்பாடம் உண்டு என்பது உண்மை. ஆனால் அது அறிவியல் பிரிவில் சேர்பவர்க்கே கிட்டும். பத்தாம் வகுப்போடு நிற்கும் பிள்ளையும், வேறு பிரிவுக்குச் செல்லும் பிள்ளையும், உலகின் பொருள்களுக்குள் இப்படி ஓர் ஒழுங்கு உண்டு என்பதை எங்கே காண்பர்? ஊர்விட்டு ஊர் வந்து, இத்தீவில் நமக்கென்று ஓரிடம் தேடிக்கொண்டவர் நாம். ஒன்றை அதன் இடத்தால் அறிவதும், வராதவருக்காக இடம் விட்டு வைப்பதும் நமக்குப் புதியவை அல்ல.

ஆகவே சங்கத்துப் பெரியவர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, சங்கக் கட்டடத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கற்றறிந்த ஆசிரியர் எவரேனும் முன்வந்தால் மகிழ்வேன். வரும்வரை, படுக்கைப் படம் வரைந்த தாளோடு நான் வருகிறேன். ஒருவரையும் பெஞ்சின்மேல் ஏற்ற மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன்.